லினக்ஸ் கண்விழிக்கும் வரிசை

லினக்ஸ் கணினி ஒன்று எழும்போது, அதன் கெர்னல் பயனர் பக்கத்தில் ஒரே ஒரு நிரலைத்தான் தொடங்கிவைக்கிறது. மற்ற எல்லாவற்றையும் தொடங்குவது அந்த ஒரு நிரலின் பொறுப்பு.

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது பயாஸ், அல்லது இன்றைய கணினிகளில் யூஇஎஃப்ஐ. அது கிரப் போன்ற பூட்லோடரை அழைக்கிறது. பூட்லோடர் கெர்னலையும், இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் சிறிய தற்காலிகக் கோப்பமைப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வட்டைக் கண்டுபிடித்து, அதிலுள்ள உண்மையான ரூட் கோப்பமைப்பை இணைக்கின்றன. அடுத்து கெர்னல் தேடுவது இனிட் என்ற நிரலை. வேறு உத்தரவு இல்லையென்றால் எஸ்பின், ஈடிசி, பின் ஆகிய மூன்று அடைவுகளில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கும். மூன்றிலும் இல்லையா, கடைசி முயற்சியாக ஒரு ஷெல்லைத் திறக்கப் பார்க்கும். அதுவும் கிடைக்காவிட்டால், வேலை செய்யும் இனிட் எதுவும் இல்லை என்று திரையில் எழுதிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

இனிட் கிடைத்துவிட்டால் அதற்குத் தரப்படும் புரோசஸ் எண் 1. இந்த எண்ணுக்குச் சில தனி விதிகள் உண்டு. பெற்ற புரோசஸ் இறந்துபோய் அநாதையாகும் புரோசஸ்களை வழக்கமாக இதுவே தத்தெடுத்துக்கொள்ளும். அவை முடிந்ததும் அவற்றின் கணக்கை முடித்துவைப்பதும் இதன் வேலை. இதற்குச் சாக உரிமை இல்லை. எண் 1 இறந்தால் கெர்னல் பேனிக் ஆகி மொத்தக் கணினியும் நின்றுபோகும்.

நெட்வொர்க், கடிகாரம், லாக், தரவுத்தளம், வலைச் சர்வர், லாகின் திரை என்று நாம் கணினியிடம் எதிர்பார்ப்பவை எல்லாம் இந்த முதல் புரோசஸ் வழியாகத்தான் வருகின்றன. எவற்றைத் தொடங்குவது, எதற்குப் பின் எதைத் தொடங்குவது, அந்த முடிவை எங்கே எழுதிவைப்பது? யூனிக்ஸ் உலகம் இந்தக் கேள்விக்குப் பல தலைமுறைகளாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

ஒரே கோப்பிலிருந்து ஏழு நிலைகளுக்கு

பெல் ஆய்வகத்தில் பிறந்த தொடக்ககால யூனிக்ஸில் ஏற்பாடு மிக எளிது. இனிட் எழுந்ததும் ஆர்சி என்ற ஒரு ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டும். அதில் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும் கட்டளைகள் ஒவ்வொன்றாக நடக்கும். பிஎஸ்டி வகை யூனிக்ஸ்களும் இந்த வழியிலேயே வளர்ந்தன. கணினியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்து, சேவைகளும் ஐந்தாறு மட்டும் இருந்தால் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் புதிய மென்பொருள் ஒன்று நிறுவப்படும்போது, அதன் நிறுவி நிரல் இந்தப் பொதுக்கோப்பின் நடுவில் பாதுகாப்பாக ஒரு வரியை நுழைப்பது கடினம். நீக்கும்போது சரியான வரியை மட்டும் எடுப்பது அதைவிடக் கடினம்.

ஏடி அண்ட் டி 1983இல் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் இனிட் வேறு வழியில் போயிற்று. அதில் ரன்லெவல் என்ற இயக்கநிலை உண்டு. ஒவ்வொரு நிலையும் ஓர் எண். அந்த எண்ணில் கணினி இருக்கும்போது எந்தெந்தச் சேவைகள் ஓட வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். லினக்ஸுக்காக இதே முறையில் மிகேல் வான் ஸ்மூரன்பர்க் எழுதிய சிஸ்வி-இனிட், பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் நெடுங்காலம் எண் 1 ஆக இருந்தது.

0 என்றால் கணினியை நிறுத்து. 6 என்றால் ரீபூட் செய். 1 என்றால் ஒற்றைப் பயனர் நிலை: நெட்வொர்க் இல்லை, ரூட் மட்டும், பழுதுபார்க்க. இந்த மூன்றிலும் எல்லோருக்கும் ஒரே கருத்து. மற்றவற்றில் ஊருக்கு ஒரு வழக்கம். ரெட் ஹேட்டில் 3 என்றால் நெட்வொர்க்குடன் கூடிய எழுத்துத் திரை, 5 என்றால் வரைகலைத் திரை. டெபியனில் 2 முதல் 5 வரை எல்லாம் ஒன்றுபோலவே அமைக்கப்பட்டிருக்கும், இயல்புநிலை 2. ஸ்லாக்வேரில் வரைகலைக்கு 4. ரெட் ஹேட்டில் பழகியவர் டெபியன் சர்வரில் உட்கார்ந்து 3-க்கு மாற்றினால், எதுவும் மாறவில்லையே என்று விழிக்க வேண்டியதுதான்.

கணினி எந்த நிலையில் எழ வேண்டும் என்பது இனிட்டேப் என்ற கோப்பில் ஒரு வரி. ரெட் ஹேட் அந்த வரிக்கு மேலேயே ஓர் எச்சரிக்கையை அச்சிட்டு வைத்திருந்தது: இங்கே 0 அல்லது 6 என்று எழுதாதீர்கள். 6 என்று எழுதினால் கணினி எழும், எழுந்ததும் ரீபூட் ஆகும், மறுபடி எழும். யாராவது பூட்லோடரில் தலையிட்டு வேறு நிலையைக் கேட்கும்வரை இந்தச் சுற்று ஓயாது.

எஸ், கே, இரண்டு இலக்கம்

சேவைகளைத் தொடங்கும் ஸ்கிரிப்டுகள் எல்லாம் இனிட்.டி என்ற ஓர் அடைவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஸ்டார்ட், ஸ்டாப், ரீஸ்டார்ட் போன்ற சொற்கள் புரியும். ஒவ்வொரு ரன்லெவலுக்கும் தனியாக ஓர் அடைவு: ஆர்சி0.டி முதல் ஆர்சி6.டி வரை. அவற்றுக்குள் ஸ்கிரிப்டுகளின் நகல்கள் கிடையாது. இனிட்.டி-யில் இருக்கும் கோப்பைச் சுட்டும் குறியிணைப்புகள் மட்டுமே இருக்கும்.

சாமர்த்தியம் முழுவதும் அந்த இணைப்புகளின் பெயரில் இருந்தது. எஸ் என்று தொடங்கினால் அந்த நிலையில் சேவையைத் தொடங்கு. கே என்று தொடங்கினால் நிறுத்து. எழுத்துக்குப் பின் இரண்டு இலக்க எண். நிலை மாறும்போது முதலில் கே இணைப்புகள், பிறகு எஸ் இணைப்புகள், எண் வரிசையில் ஓடும். பழைய ரெட் ஹேட் சர்வரில் நெட்வொர்க்குக்கு எஸ்10, எஸ்எஸ்எச்-க்கு எஸ்55, அப்பாச்சி வலைச் சர்வருக்கு எஸ்85, கிரான் சேவைக்கு எஸ்90. சிறப்புக் கருவி எதுவும் தேவையில்லை. அடைவைப் பட்டியலிட்டாலே கணினி எழும் ஒழுங்கு கண்முன் நிற்கும். ஒரு சேவை வேண்டாமென்றால் இணைப்பின் முதல் எழுத்தை எஸ்-இலிருந்து கே-ஆக மாற்றினால் போதும்.

கையால் மாற்றும் சிரமத்தைக் குறைக்க ரெட் ஹேட்டில் செக்கான்ஃபிக், டெபியனில் அப்டேட்-ஆர்சி.டி என்ற கட்டளைகள் வந்தன. அப்பாச்சி ஸ்கிரிப்டின் தலையில் செக்கான்ஃபிக்குக்காக எழுதியிருந்த குறிப்பில் 85, 15 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தொடங்கும் வரிசை, அடுத்தது நிறுத்தும் வரிசை. கூட்டினால் 100. நெட்வொர்க்குக்கு 10, 90; அங்கும் 100. இது எல்லா ஸ்கிரிப்டுகளும் கடைப்பிடித்த விதியில்லை. ஆனால் வழக்கத்தின் நோக்கம் தெளிவானது: கடைசியில் எழுந்தது முதலில் உறங்கப் போக வேண்டும். வலைச் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் காலடியிலிருந்து நெட்வொர்க்கை உருவிவிடக் கூடாது.

டெபியனில் புதியவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. வேண்டாத சேவையின் இணைப்புகளை எல்லா அடைவுகளிலிருந்தும் அழித்துவிடுவார்கள். சில வாரம் கழித்து அந்தப் பொதி மேம்படுத்தப்பட்டதும் சேவை மறுபடி ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பு ஒன்றுகூட இல்லையென்றால், இது புதிய நிறுவல் என்று அப்டேட்-ஆர்சி.டி எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடும். ஒரு கே இணைப்பாவது மிச்சம் இருந்தால், நிர்வாகி வேண்டுமென்றே செய்த மாற்றம் என்று புரிந்துகொண்டு கைவைக்காமல் விடும்.

எண் சொல்லாத காரணம்

இந்த முறையின் அடிப்படைக் குறை அந்த இரண்டு இலக்கத்திலேயே இருந்தது. அப்பாச்சிக்கு ஏன் 85? அதற்கு நெட்வொர்க் வேண்டும், லாக் சேவை வேண்டும், அதன் பக்கங்கள் வேறொரு கணினியின் வட்டில் இருந்தால் அந்த வட்டும் இணைந்திருக்க வேண்டும். எண்ணைத் தேர்ந்தெடுத்தவருக்கு இவை தெரியும். எண்ணில் மிஞ்சியிருப்பது அவருடைய முடிவு மட்டும். அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுவந்த காரணங்கள் எங்கும் பதிவாகவில்லை.

இதன் முதல் விளைவு வேகக்குறைவு. எஸ்55-உம் எஸ்85-உம் ஒன்றையொன்று சார்ந்தவையா, தொடர்பே இல்லாதவையா என்று கணினிக்குத் தெரிய வழியில்லை. அதனால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட வேண்டும். நடுவில் ஒரு ஸ்கிரிப்ட் பதில் வராத சர்வருக்காகக் காத்திருந்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத லாகின் திரையும் காத்திருக்கும்.

இன்னொரு விளைவு, தொடங்கிவைத்த பின் யாரும் கவனிக்காதது. ஸ்கிரிப்ட் சேவையைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று போய்விடும். சேவையின் புரோசஸ் எண்ணை ஒரு சிறு கோப்பில் எழுதிவைப்பது வழக்கம். சேவை நடுவில் செத்துப்போனாலும் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும். பிறகு அதே எண் வேறொரு புரோசஸுக்குப் போய்விட்டால், அஜாக்கிரதையாக எழுதிய ஸ்டாப் கட்டளை ஒரு பாவமும் அறியாத அந்தப் புரோசஸைக் கொல்லும்.

காரணங்களை எழுதிவைக்கும் முதல் முயற்சி ஸ்கிரிப்டுகளின் தலைப்பிலேயே நடந்தது. எல்எஸ்பி என்ற பொதுத்தரம், ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தான் எதை வழங்குகிறது, தனக்கு முன் எவை ஓடியிருக்க வேண்டும் என்று குறிப்பு வரிகளில் சொல்ல இடம் தந்தது. அந்த வரிகளைப் படித்து எண்களைத் தானே கணக்கிட இன்செர்வ் என்ற கருவி இருந்தது. 2011இல் வந்த டெபியன் 6, இந்த முறையை இயல்புநிலையாக்கியது. எண்கள் அடைவில் தொடர்ந்து இருந்தன; ஆனால் அவற்றை மனிதர் ஊகித்து எழுத வேண்டிய தேவை போய்விட்டது.

நிகழ்வுகளும் சார்புகளும்

இதற்குள் மற்ற இடங்களில் ஸ்கிரிப்டுகளையே ஓரங்கட்டும் வேலை தொடங்கியிருந்தது. 2005இல் சோலாரிஸ் 10 எஸ்எம்எஃப் என்ற சேவை மேலாண்மையுடனும், ஆப்பிளின் மேக் ஓஎஸ் டென் 10.4 லாஞ்ச்டி என்ற புதிய முதல் புரோசஸுடனும் வந்தன. 2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10, ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் எழுதிய அப்ஸ்டார்ட்டை ஏற்றுக்கொண்டது. அப்ஸ்டார்ட் நிகழ்வுகளைப் பார்க்கும்: நெட்வொர்க் கார்டு வந்ததா, வட்டு இணைந்ததா, அப்படியானால் இன்ன சேவையைத் தொடங்கு. ரெட் ஹேட்டின் நிறுவனப் பதிப்பு 6-உம் அதையே பயன்படுத்தியது.

2010 ஏப்ரல் 30 அன்று லெனார்ட் பாட்டரிங், எண் 1 பற்றி மறுபடி யோசிக்க வேண்டும் என்று ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தன் கணினியின் இனிட்.டி ஸ்கிரிப்டுகளில் கிரெப் என்ற கட்டளை 77 முறை, ஆக் என்ற கட்டளை 92 முறை அழைக்கப்படுவதாக அதில் கணக்குக் காட்டினார். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு புதிய புரோசஸ் பிறந்து மடிகிறது. கே சீவர்ஸும் அவரும் சேர்ந்து தொடங்கிய சிஸ்டம்டி, 2011 மே மாதம் ஃபெடோரா 15இல் இயல்புநிலை ஆயிற்று.

அதன் மிகச் சுவையான யோசனை, லாஞ்ச்டி-யிடமிருந்து எடுத்துக்கொண்ட சாக்கெட் உத்தி. லாக் சேவையைப் பத்துச் சேவைகள் எதிர்பார்க்கின்றன என்றால், அவை உண்மையில் எதிர்பார்ப்பது செய்தியைப் போடுவதற்கு ஒரு சாக்கெட்டை மட்டும்தான். வாசலில் தபால்பெட்டியை மாட்டிவிட்டால், வீட்டுக்காரர் எழுந்திருக்காவிட்டாலும் கடிதம் வந்து விழும். எழுந்ததும் எடுத்துப் படித்துக்கொள்வார். சிஸ்டம்டி முதலில் சாக்கெட்டுகளைத் தானே திறந்துவிடுகிறது. பிறகு சேவைகளை ஒரே நேரத்தில் எழுப்புகிறது. முந்தி எழுந்தவை அனுப்பும் செய்திகளைக் கெர்னல் சேர்த்துவைத்திருக்கிறது. எது முதலில் எழ வேண்டும் என்ற கேள்வியே இங்கே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

சேவையைக் கண்காணிக்கக் கெர்னலின் சிகுரூப் வசதி கைகொடுத்தது. ஒரு சேவையும் அது பெற்ற பிள்ளைகளும் ஒரே குழுவில் அடைபடுவதால், நிறுத்தச் சொன்னால் ஒன்றுவிடாமல் நிறுத்த முடிகிறது. செத்துப்போன சேவையை மறுபடி எழுப்ப, அந்தச் சேவையை விவரிக்கும் யூனிட் கோப்பில் ரீஸ்டார்ட் என்று ஒரு வரி போதும்.

ரன்லெவல்களின் இடத்தை டார்கெட்டுகள் எடுத்துக்கொண்டன. 1-க்கு இணை ரெஸ்க்யூ டார்கெட், 3-க்கு மல்ட்டி-யூசர், 5-க்கு கிராஃபிக்கல். 0-உம் 6-உம் முறையே பவர்ஆஃப், ரீபூட். டார்கெட் என்பது பல யூனிட்டுகளைச் சேர்த்துக் கட்டும் ஒரு பெயர். ரன்லெவலில் கணினி ஒரு நேரத்தில் ஓர் எண்ணில்தான் இருக்க முடியும். டார்கெட்டுகளோ பல சேர்ந்து நிறைவேறி இருக்கலாம்; கிராஃபிக்கல் டார்கெட்டுக்குள் மல்ட்டி-யூசர் அடக்கம்.

நிர்வாகியின் கையில்

இன்று சேவைகளை நிர்வகிக்கும் கட்டளை சிஸ்டம்சிடிஎல். அதில் ஸ்டார்ட்டும் எனேபிளும் தனித்தனி. ஸ்டார்ட் இப்போதே ஓட வைக்கும்; அடுத்த முறை கணினி எழும்போது என்ன என்பது பற்றி அதற்கு அக்கறை இல்லை. எனேபிள் அடுத்த முறைக்கு ஏற்பாடு செய்யும். இப்போது எதையும் தொடங்காது. எனேபிள் செய்வது பெரும்பாலும் மல்ட்டி-யூசர் டார்கெட்டின் வான்ட்ஸ் அடைவில் ஒரு குறியிணைப்பைப் போடுவதுதான். எஸ்85 இணைப்பின் பேரன் அது. எண் மட்டும் இல்லை.

டிசேபிள் செய்த சேவையை வேறொரு சேவை தன் தேவைக்காக எழுப்பிவிட முடியும். யார் கேட்டாலும் எழக் கூடாது என்றால் மாஸ்க் செய்ய வேண்டும். அது யூனிட்டின் பெயரை ‘நல்’ எனப்படும் வெற்றுச் சாதனத்துக்குத் திருப்பிவிடும். பொதியுடன் வரும் யூனிட் கோப்பு யூஎஸ்ஆர் அடைவின் கீழ் இருக்கும். நிர்வாகியின் மாற்றங்கள் ஈடிசி-யில் இருக்க வேண்டும். சிஸ்டம்சிடிஎல் எடிட் என்றால், மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் தனிக்கோப்பில் எழுதிக்கொள்ளலாம். பொதி மேம்பட்டாலும் அவை அழியாது.

காரணங்களை எழுதும் இடத்தில்தான் பிழைகள் அதிகம். ஆஃப்டர் என்ற வரி வரிசையை மட்டும் சொல்கிறது: இரண்டும் தொடங்குவதாக இருந்தால், நான் அதற்குப் பின். ரிக்வயர்ஸ் என்ற வரி தேவையை மட்டும் சொல்கிறது: என்னைத் தொடங்கினால் அதையும் தொடங்கு. வலைச் சர்வரின் யூனிட் கோப்பில் தரவுத்தளத்துக்கு ரிக்வயர்ஸ் மட்டும் எழுதினால் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். வலைச் சர்வர் முந்திக்கொண்டால் இணைப்பு கிடைக்காது. ஆஃப்டர் மட்டும் எழுதினால், வேறு யாரும் கேட்காத தரவுத்தளம் கிளம்பவே கிளம்பாது. பெரும்பாலான இடங்களில் இரண்டு வரியும் வேண்டும். நெட்வொர்க் டார்கெட்டுக்கும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டுக்கும் இதே மாதிரியான வித்தியாசம் உண்டு. முன்னது நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்று மட்டும் சொல்லும். முகவரி கிடைக்கும்வரை காத்திருக்கப் பின்னது வேண்டும்.

கணினி எழத் தாமதமானால் சிஸ்டம்டி-அனலைஸ் உதவும். அதில் பிளேம் என்ற பட்டியலை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. நீண்ட நேரம் எடுத்த சேவை யாரையும் காக்க வைக்காமல் ஓரமாக ஓடியிருக்கலாம். எது எதைக் காக்க வைத்தது என்பதைக் கிரிட்டிகல்-செயின் காட்டும். கணினி எழவே மறுத்தால், கிரப் திரையில் கெர்னல் வரியின் முடிவில் 1 என்று சேர்த்தால் போதும். ரன்லெவல்கள் போனாலும், பழுதுபார்க்கும் நிலைக்குப் போக அந்தப் பழைய எண்ணை சிஸ்டம்டி இன்றும் புரிந்துகொள்கிறது.

எதிர்ப்பும் மிச்சமும்

இந்த மாற்றம் அமைதியாக நடக்கவில்லை. டெபியனின் தொழில்நுட்பக் குழு 2014 பிப்ரவரியில், தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கால்தான் சிஸ்டம்டி பக்கம் சாய்ந்தது. 2015 ஏப்ரலில் டெபியன் 8-உம் உபுண்டு 15.04-உம் அதனுடன் வெளிவந்தன. ஒப்பாதவர்கள் டெபியனைப் பிரித்து தேவுவான் என்ற வழங்கலை உருவாக்கினார்கள். ஆல்பைன் ஓபன்ஆர்சி-யையும், வாய்டு ரனிட்டையும் வைத்துக்கொண்டன. ஸ்லாக்வேர் தன் பழைய ஸ்கிரிப்டுகளை விடவில்லை.

எதிர்ப்பாளர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஸ்கிரிப்டை ஷெல் தெரிந்த யாரும் திறந்து, வரிவரியாகப் படித்து, நடுவில் ஓர் அச்சுக் கட்டளையைப் போட்டுப் பிழை தேடலாம். சிஸ்டம்டி-யில் அந்தத் தர்க்கம் சி மொழியில் எழுதிய பெரிய நிரலுக்குள் போய்விட்டது. சாக உரிமையில்லாத புரோசஸ் சிறியதாக இருப்பதே நல்லது என்பதும் வலுவான வாதம்தான். கன்டெய்னர்களில் இந்தக் கேள்வி மறுபடி தலைகாட்டுகிறது. அங்கே எண் 1 ஆக ஓடுவது பெரும்பாலும் நம் செயலியே. முடிந்துபோன பிள்ளைகளின் கணக்கை முடிக்க அதற்குத் தெரியாவிட்டால் ஜாம்பி புரோசஸ்கள் குவியும். அதற்காகவே டாக்கரில் இனிட் என்ற விருப்பம் உண்டு. அதைக் கொடுத்தால் டினி என்ற மிகச் சிறிய நிரல் எண் 1 ஆக அமரும்.

எந்த முறையை எடுத்துக்கொண்டாலும், சேவைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கும் புகார் ஒன்று மாறவே இல்லை: கையால் தொடங்கினால் ஓடுகிறது, ரீபூட் செய்தால் ஓடவில்லை. கையால் தொடங்கும் நேரத்தில் நெட்வொர்க் வந்துவிட்டது, வட்டு இணைந்துவிட்டது, தரவுத்தளம் விழித்துவிட்டது. யாரும் எழுதிவைக்காத தேவைகள் எல்லாம் தாமாக நிறைவேறிவிட்டன. ரீபூட் ஆகும்போது அவை எதுவும் தயாராக இருப்பதில்லை.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், தொடக்கத்தில் ஸ்லீப் 30 என்று ஒரு வரி சேர்ப்பது. பெரும்பாலும் அது வேலை செய்யும். வட்டு மெதுவாக விழிக்கும் ஒருநாள் 30 விநாடி போதாது. மற்ற நாட்களில் 30 விநாடி வீண். சேவை எதற்காகக் காத்திருக்கிறது என்று அந்த வரியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எஸ்85 விட்டுச்சென்ற அதே குறை இது. புதிய கோப்பில் புதிய எண்ணாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, எதற்குக் காத்திருக்கிறோம் என்பதை எழுதினால், கணினி அதைக் கணக்கிட்டுக்கொள்ளும். நமக்குப் பின் அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்ள வருபவருக்கும் படித்தால் புரியும்.